குரல் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்

கேள்வி:

மேடம் வணக்கம், பேர் போட வேண்டாம். வயசு 36, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். ரெண்டு பசங்க, ரெண்டுமே சிசேரியன், ரெண்டாவதுலயே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு. ஒரு வருஷத்துக்கு மேல பீரியட்ஸ் ஒன்பது நாள் பத்து நாள் போகுது, கட்டி கட்டியா வருது, முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்ரூம் ஓடணும், சூப்பர்வைசர் மொறைக்கிறாரு. எட்டு மாசம் முன்னாடி மாமியாரைக் கூட்டிட்டு ஒரு லேடீஸ் கிளினிக் போனேன். ஹால்ல எல்லார் முன்னாடியும் நர்ஸ் சத்தமா தீட்டு எப்ப வந்துச்சு, வெள்ளை படுதா, வீட்டுக்காரரோட சேர்ந்து எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்க. உள்ள போனா ஏற்கனவே ஒரு பேஷண்ட் உக்காந்திருந்தாங்க. டேபிள்ல படுன்னாங்க, எதுக்குன்னு சொல்லல. சுடிதார் பேண்ட் மொத்தமா கழட்டிட்டு மேல போத்திக்க ஒண்ணும் இல்லாம படுத்திருக்கேன், கதவைத் திறந்து ஒரு ஆள் ஃபைல் குடுத்துட்டுப் போறாரு. டாக்டர் வந்து ஏதோ இரும்புக் கருவிய உள்ள விட்டாங்க, உயிர் போயிருச்சு, கத்திட்டேன். "ரெண்டு புள்ள பெத்தவதானே, இதுக்குப் போயி இப்படிக் கத்துற"ன்னாங்க. அப்புறம் ஸ்கேன். வயித்து மேல வச்சுப் பாப்பாங்கன்னு நெனச்சா ஒரு குச்சில ஆணுறைய மாட்டி அதையும் உள்ள விட்டாங்க. கடைசில கர்ப்பப்பை பெருசா இருக்கு, உள்ள 12 மில்லிமீட்டர் தடிச்சிருக்கு, புள்ளைங்கதான் போதும்ல எடுத்துடலாம்னாங்க. மாத்திரை ஏதும் இல்லையான்னு கேட்டேன், நீ டாக்டரா நான் டாக்டரான்னு கேட்டாங்க. அதோட வந்துட்டேன். மாமியார் பொம்பளைன்னா பொறுத்துக்கணும்ங்கிறாங்க. நான்தான் ஓவரா எடுத்துக்கிட்டேனா? கர்ப்பப்பைய எடுத்தே ஆகணுமா? அந்த டேபிள்ல படுக்காம வைத்தியம் பாக்கவே முடியாதா?

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவைதான் ஒரு விஷயம் கண்ல பட்டுச்சு. ரெண்டுமே சிசேரியன்னு எழுதியிருக்கீங்க. அப்ப "ரெண்டு புள்ள பெத்தவதானே"ன்னு அந்த டாக்டர் சொன்னது மரியாதைக் கொறைவு மட்டும் இல்ல, மருத்துவப்படியும் தப்பு. குழந்தை அந்த வழியா வரவே இல்லையே, அப்புறம் பெத்தவளுக்கு வலிக்காதுன்னு எந்தக் கணக்குல சொன்னாங்க? ஃபைல்ல முதல் வரிலயே எழுதியிருக்கும், பழைய ஆபரேஷன் ரெண்டுன்னு. அதைப் படிச்சிருந்தா சின்ன சைஸ் கருவிய எடுத்திருப்பாங்க. நார்மல் டெலிவரி ஆனவங்களுக்கும் வலிக்கும், அது வேற விஷயம், பத்துப் புள்ள பெத்திருந்தாலும் பயத்துல இறுகுற சதை இறுகத்தான் செய்யும். கண்ணுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனா இமை தானா மூடுதுல்ல, அதே மாதிரிதான் இதுவும், நீங்க வேணும்னு பண்றது கிடையாது, ரிலாக்ஸ் பண்ணு ரிலாக்ஸ் பண்ணுன்னு அதட்டினா இன்னும் இறுகும்.

அதனால நீங்க ஓவரா ஒண்ணும் எடுத்துக்கல. தப்பு டாக்டர்ங்க எங்க பக்கம்தான். எங்க பக்கம்னு சொல்றப்ப என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

நான் பிஜி படிக்கிறப்ப ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஓபில இருந்தேன், பேர் வேண்டாம். மூணு டேபிள், நடுவுல ஒரே ஒரு பச்சைத் துணி ஸ்க்ரீன், அதுலயும் ஒரு சக்கரம் உடைஞ்சு கோணலா நிக்கும். ஒரு காலைல 70, 80 பேர். சிஸ்டர் மூணு மூணு பேரா உள்ள அனுப்புவாங்க, எல்லாரும் ஏறிப் படுத்து ரெடியா இருக்கணும், நாங்க வரிசையா பாத்துட்டே போவோம், யாரோட முகத்தையும் பாத்த ஞாபகமே இல்ல. ஒரு நாள் அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா, கைல காப்புக் காய்ச்சுன காட்டு வேலை செய்றவங்க, நான் பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாம கருவிய எடுத்துட்டுப் போனேன், டக்குனு என் மணிக்கட்டைப் புடிச்சுட்டாங்க. கோவமாக்கூட இல்ல, சாதாரணமா கேட்டாங்க: "ஏம்மா, ஒரு வீட்டுக்குள்ள போறதுன்னாக்கூட வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டுத்தானே போவ?"

எனக்கு மூஞ்சி சிவந்து போச்சு. சாரிம்மான்னுகூட சொல்லத் தோணல அப்போ, இப்ப உள்ள பாக்கப்போறேன்மான்னு மட்டும் சொன்னேன், சரி பாருன்னு கையை விட்டுட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. 15 செகண்ட் ஆகுமா அதுக்கு? கூட்டம் ஜாஸ்தி, டைம் இல்லைன்னு நாங்க எல்லாரும் சொல்லுவோம், நானும் சொல்லியிருக்கேன், ஆனா பேஷண்ட் பயந்து இறுகிப்போயி ரெண்டு தடவை மூணு தடவை முயற்சி பண்றதுலதான் டைம் போகுது, சொல்லிட்டுப் பண்ணா ஒரே தடவைல முடியும், இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

நம்ம ஊருக்கு இது ஒண்ணும் புதுசும் இல்ல. சென்னை திருவல்லிக்கேணில கோஷா ஆஸ்பத்திரின்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, இப்ப கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. 1885ல ஆரம்பிச்சது. மேரி ஷார்லீப்னு ஒரு வெள்ளைக்காரம்மா, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல 1875ல சேந்த முதல் நாலு பொண்ணுங்கள்ல ஒருத்தங்க, அவங்க முயற்சில வந்தது. ஆம்பளை டாக்டர்கிட்ட வர முடியாதுன்னு வீட்டுக்குள்ளயே கெடந்து செத்துப்போற பொம்பளைங்களுக்காக, கோஷாப் பொம்பளைங்க, அதாவது வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம இருக்கறவங்க, கூச்சம் இல்லாம வந்து போகணும்னே கட்டுன ஆஸ்பத்திரி. கூச்சத்துக்காக ஒரு ஆஸ்பத்திரியே கட்டுன ஊர்ல, 140 வருஷம் கழிச்சு நாங்க ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேங்கிறோம்.

சரி, அன்னைக்கு எப்படி நடந்திருக்கணும்னு சொல்றேன், ஏன்னா எது சரின்னு தெரிஞ்சாத்தான் அடுத்த தடவை கேக்க முடியும். அந்தரங்கமான கேள்வி எல்லாம் மூடின ரூமுக்குள்ள, மாமியாரையும் ரெண்டு நிமிஷம் வெளில உக்கார வச்சுட்டு. ஆமா, மாமியாரையும்தான், புருஷனையும்தான். வீட்டுக்காரரோட சேர்றப்ப வலிக்குதா, சேர்ந்த பிறகு ரத்தம் வருதா, வீட்ல அடி உதை இருக்கான்னு நான் கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் அவங்க முன்னாடி கேட்டா யாரு உண்மைய சொல்லுவாங்க? அப்புறம் எதுக்கு உள்பரிசோதனை, என்ன பண்ணப்போறேன், சரியான்னு கேக்கணும். நீங்க சரின்னு சொல்லணும். பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லணும், யூரின் தேங்கி இருந்தா பாதி வலி அதுலயே வரும். துணி மாத்த மறைவான இடம், மேல போத்த ஒரு துணி, கூட ஒரு சிஸ்டர் இல்லன்னா ஆயாம்மா. பாக்கறது ஆம்பளை டாக்டரா இருந்தா கட்டாயம் ஒரு பொண்ணு கூட இருக்கணும், தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல இது தனியாவே இருக்கு. கருவிய வெதுவெதுப்பான தண்ணில காட்டிட்டு, மொதல்ல தொடைல தொட்டுக் காமிச்சு, இப்ப வைக்கப்போறேன்னு சொல்லிட்டு வைக்கணும். நீங்க நிறுத்துன்னா நிறுத்தணும். பாதில நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தணும். டேபிள்ல ஏறிப் படுத்துட்டீங்கங்கிறதுக்காக எல்லாத்துக்கும் சம்மதம்னு அர்த்தம் கிடையாது.

இன்னொரு சமாச்சாரம், அந்த ஆணுறை. இது உங்களை ரொம்ப உறுத்தியிருக்குன்னு எழுத்துலயே தெரியுது, நிறைய பேர் இதைக் கேக்கறாங்க, வெக்கப்பட்டுக்கிட்டு. அந்தக் குச்சிக்குப் பேர் ப்ரோப், ஸ்கேனுக்குப் பேர் டிவிஎஸ். ஒருத்தர்ல இருந்து இன்னொருத்தருக்கு கிருமி போகக்கூடாதுன்னு ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் புது உறை மாட்டுவாங்க, அதுக்கு ஆணுறைதான் வசதி, அதுல தப்பு இல்ல. ஆனா சொல்லாம மாட்டினா பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த ஸ்கேன் நல்ல ஸ்கேன்தான், கர்ப்பப்பையக் கிட்டக்க இருந்து பாக்கும், தெளிவா தெரியும். ஆனா அது ஒண்ணுதான் வழின்னு இல்ல. நிறைய தண்ணி குடிச்சுட்டு யூரினை அடக்கிட்டுப் படுத்தா வயித்து மேல வச்சே ஓரளவு பாத்துடலாம், கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு அப்படித்தான் பாக்கறாங்க. உங்களுக்கும் கேட்டா செய்வாங்க, கேக்கலாம்னு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்.

இப்ப கர்ப்பப்பை விஷயத்துக்கு வரேன், இதுதான் முக்கியம்.

12 மில்லிமீட்டர் தடிச்சிருக்குன்னு சொன்னாங்கல்ல, அந்த ஸ்கேன் எடுத்தது பீரியட்ஸ் முடிஞ்சு எத்தனாவது நாள்? அதைப் பாக்காம 12ங்கிற நம்பருக்கு அர்த்தமே இல்ல. கர்ப்பப்பையோட உள்சுவர் மாசா மாசம் வளந்து உதிர்ற சமாச்சாரம். பீரியட்ஸ் முடிஞ்ச கையோட எடுத்தா 4 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், அடுத்த பீரியட்ஸுக்கு முந்தின வாரம் எடுத்தா 14, 16 வரைக்கும்கூட நார்மலா இருக்கலாம். நெல்லு மாதிரிதான், அறுப்புக்கு முன்னாடி வயக்காட்டைப் பாத்துட்டு ஐயோ பயிரு இவ்வளவு ஒசரமா நிக்குதேன்னு பயந்தா எப்படி? மெனோபாஸ் ஆன அம்மாவுக்கு 12 இருந்தா நானே பதறிப்போயி டெஸ்டுக்கு எழுதுவேன், மாசாமாசம் பீரியட்ஸ் வர்ற 36 வயசுக்காரிக்கு அந்த நம்பரை மட்டும் வச்சு கர்ப்பப்பைய எடுக்கச் சொல்ல மாட்டேன். அதே மாதிரி கர்ப்பப்பை பெருசா இருக்கு, பல்கின்னு ரிப்போர்ட்ல போடறது. புள்ள பெத்தவங்களுக்குக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். பெருசுன்னா எவ்வளவு பெருசு, கட்டி இருக்கா, சதை வளர்ச்சி இருக்கா, கர்ப்பப்பைச் சுவருக்குள்ளயே ரத்தம் கட்டுற அடினோமயோசிஸ் மாதிரி இருக்கா, அதையெல்லாம் சொல்லணும். சும்மா பல்கின்னு ஒரு வார்த்தை வியாதி ஆகாது.

ஆனா இதையெல்லாம் படிச்சுட்டு அப்ப எனக்கு ஒண்ணும் இல்லன்னு இருந்துடாதீங்க, இங்கதான் உங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவம். பத்து நாள் போறது, கட்டி கட்டியா விழறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், இது நிச்சயமா அதிக ரத்தப்போக்குதான். ஒரு வருஷத்துக்கு மேலன்னு எழுதியிருக்கீங்க, அதுல கடைசி எட்டு மாசம் டாக்டரையே பாக்கல. மாடி ஏறினா மூச்சு வாங்குதா, நின்னுட்டே துணி செக் பண்றப்ப கண்ணு இருட்டுதா, முடி கொட்டுதா? லெட்டர்ல எழுதல, ஆனா இருக்கும்னு நெனைக்கிறேன். ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கணும், இவ்வளவு நாள் இப்படிப் போனா 8, 9க்கு வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒடம்பு மெதுமெதுவாப் பழகிக்கும், 7 வச்சுக்கிட்டு ஷிஃப்ட் பாத்துட்டு வர்றவங்களை நான் பாத்திருக்கேன், அதான் பயமே.

ஏன் இப்படிப் போகுதுன்னு கண்டுபிடிக்கணும். தைராய்டா இருக்கலாம், கட்டியா இருக்கலாம், உள்ள பாலிப்னு சின்ன சதையா இருக்கலாம், அடினோமயோசிஸா இருக்கலாம், முட்டை ஒழுங்கா வெளியாகாம இருக்கலாம், ரத்தம் உறையறதுல பிறவிலயே கோளாறு இருக்கலாம். இந்த கடைசி ஒண்ணைப் பாதிப் பேர் கேக்கவே மாட்டாங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க, வயசுக்கு வந்ததுல இருந்தே ஜாஸ்தியா, பல்லு புடுங்கினப்ப ரத்தம் நிக்காம போச்சா, சிசேரியன்ல ரத்தம் ஏத்தினாங்களா. வரிசையாப் பாத்துட்டு வரணும். கர்ப்பப்பை உள்சுவர்ச் சதையில இருந்து துளி எடுத்து டெஸ்ட் பண்றது எல்லாருக்கும் வேண்டாம், 45 தாண்டினவங்களுக்குக் கட்டாயம், அதுக்குக் கீழ உள்ளவங்கள்ல ரொம்ப எடை இருந்தா, நீர்க்கட்டிப் பிரச்சனை இருந்தா, மருந்துக்கு நிக்கலைன்னா பண்ணுவோம்.

வைத்தியமும் அப்படித்தான், படிப்படியா. ரத்தப்போக்கு இருக்கற நாள்ல மட்டும் போடற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கு, வலிக்குப் போடற மெஃபனாமிக் ஆசிட்டே போக்கையும் கொஞ்சம் கொறைக்கும், ஹார்மோன் மாத்திரை இருக்கு. நீங்களா மெடிக்கல்ல போயி வாங்காதீங்க, கால்ல ரத்தக்கட்டு வந்தவங்களுக்கு ஆகாது, கோயிலுக்குப் போறதுக்குத் தள்ளிப்போடற மாத்திரைய வாங்கி வாங்கிப் போடறாங்களே அது மாதிரி ஆயிடும். அப்புறம் மிரினான்னு ஒண்ணு, காப்பர் டி மாதிரியே கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறது, ஆனா அதுல இருந்து ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமா வெளில வரும், அஞ்சு வருஷத்துக்காவது கவலை இல்ல, நிறைய பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாம போயிருது. முதல் மூணு ஆறு மாசம் சொட்டு சொட்டா பட்டுட்டே இருக்கும், இதை முன்னாடியே சொல்லலைன்னா பேஷண்ட் வந்து எடுத்துடுங்க டாக்டர்னு நிப்பாங்க. அதை வைக்கறதுக்கும் அந்த டேபிள்ல படுக்கணும்தான், உண்மைய மறைக்கல, ஆனா மரப்பு மருந்தோ லேசா மயக்கமோ குடுத்து வைக்கலாம்.

இதெல்லாம் பாத்தும் நிக்கல, பெரிய கட்டி இருக்கு, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும்னா கர்ப்பப்பைய எடுக்கறது நல்ல வைத்தியம்தான், நானே எவ்வளவோ பேருக்குப் பண்ணியிருக்கேன், நிம்மதியா இருக்காங்க. ஆனா அது கடைசிப் படி, உங்களை முதல் படிலயே அங்க தூக்கி நிறுத்திட்டாங்க. கர்ப்பப்பைன்னா புள்ள பெறுற பை, வேலை முடிஞ்சா வீசிடலாம்ங்கிற நெனப்பு டாக்டர்ங்க கிட்டயும் இருக்கு பேஷண்ட்டுங்க கிட்டயும் இருக்கு. மகாராஷ்டிரால பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டற பொம்பளைங்க கதை 2019ல வெளில வந்துச்சு, பீரியட்ஸ்னு ஒரு நாள் லீவு போட்டா கூலி போயி அபராதமும் கட்டணும்னு கர்ப்பப்பையையே எடுத்துக்கிட்டாங்க, அரசு கமிட்டி போயி பாத்தா 82 ஆயிரம் சொச்சம் பேர்ல 13 ஆயிரத்துக்கு மேல எடுத்திருக்காங்க, நிறைய பேருக்கு உங்க வயசுகூட இல்ல. சூப்பர்வைசர் மொறைக்கிறாருன்னு நீங்க எழுதினதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல எடுத்தா, சினைப்பைய விட்டுட்டு எடுத்தாக்கூட மெனோபாஸ் சீக்கிரமா வர வாய்ப்பு இருக்கு, சினைப்பையையும் சேத்து எடுத்தா மறுநாளே மெனோபாஸ்தான், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லது இல்ல. தேவையில்லாத ஆபரேஷனைத் தடுக்க மத்திய சுகாதாரத்துறை 2022ல வழிகாட்டுதல் போட்டுச்சு, 2023ல சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலமும் மூணு மாசத்துல அதை நடைமுறைப்படுத்தணும்னு சொல்லிச்சு. அதனால இன்னொரு டாக்டரைப் பாத்துட்டு வரேன்னு நீங்க சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, அதுக்குக் கோவிச்சுக்கிற டாக்டர்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்காதீங்க.

சமீரா கோலி வழக்குன்னு ஒண்ணு, இதை எங்களை மாதிரி டாக்டர்ங்க எல்லாரும் படிச்சே ஆகணும். 44 வயசு, கல்யாணம் ஆகாதவங்க, 1995ல டெல்லில ரத்தப்போக்குன்னு போயி லேப்ராஸ்கோப்பில உள்ள பாக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. மயக்கத்துல இருக்கறப்ப வெளில நின்ன அவங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. 2008ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, உள்ள பாக்கக் குடுத்த சம்மதம் எடுக்கறதுக்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்து இல்லாதப்ப அம்மா குடுத்த சம்மதமும் செல்லாதுன்னு. அம்மா சம்மதமே செல்லாதுன்னா உங்க மாமியார் சம்மதம் எம்மாத்திரம்? புருஷன் கையெழுத்து வேணும்னு நிறைய இடத்துல கேப்பாங்க, அது பழக்கம், உங்க ஒடம்புக்கு உங்க கையெழுத்துதான் கணக்கு.

மூணாவது கேள்வி, டேபிள்ல படுக்காம முடியாதா. ஆரம்பிக்க முடியும். ரத்த டெஸ்ட், தைராய்டு, வயித்து மேல ஸ்கேன், இரும்புச் சத்து மாத்திரை, முதல் கட்ட மாத்திரை எல்லாம் உள்பரிசோதனை இல்லாமலே ஆரம்பிக்கலாம். ஆனா பீரியட்ஸுக்கு நடுவுல ரத்தம் படுது, வீட்டுக்காரரோட சேர்ந்த பிறகு படுதுன்னா கர்ப்பப்பை வாயைக் கண்ணால பாத்தே ஆகணும், அதை ஸ்கேன் காட்டாது. 30 வயசு தாண்டினவங்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட்டும் ஒண்ணு இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பாக்கறாங்க, அதையும் எப்பவாவது பண்ணித்தான் ஆகணும். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் இருக்கான்னு பாக்கற டெஸ்டுக்கு இப்ப பேஷண்ட்டே தன் கையால பஞ்சுக் குச்சில எடுத்துக் குடுக்கற முறையும் இருக்கு, உலக சுகாதார அமைப்பே சரின்னு சொல்லிருச்சு, பக்கத்துல எங்கயாவது இருக்கான்னு விசாரிங்க.

படுக்கற அன்னைக்கு சுடிதார் போடாதீங்க. இது எங்க ஆயாம்மா சொல்ற வைத்தியம். புடவை இல்லன்னா முழுப்பாவாடை, நைட்டினாலும் சரி, தூக்கினா போதும், மொத்தமா கழட்டிட்டு நடுங்கிட்டுப் படுக்க வேண்டாம், கால் மூடியே இருக்கும். ஒரு துண்டு கைல எடுத்துட்டுப் போங்க. ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "டாக்டர், எனக்கு ரெண்டும் சிசேரியன், போன தடவை ரொம்ப வலிச்சுது, சின்ன சைஸ் போடுங்க, நான் கையைத் தூக்கினா நிறுத்துங்க." அவ்வளவுதான், தகராறு பண்ற மாதிரி இருக்காது. வைக்கறப்ப மூச்சை இழுத்துப் புடிக்காம வாயால ஊதி விடுங்க. மல்லாக்கப் படுக்க முடியலைன்னா எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தும் பாக்கலாம். இதைச் சொன்னதும் அந்த டாக்டர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாருங்க, சரிம்மான்னு சொன்னா உக்காருங்க, சலிச்சுக்கிட்டா டோக்கன் காசு போனாப் போகுதுன்னு எந்திரிச்சு வந்துடுங்க.

பழைய கிளினிக்ல ஸ்கேன் ரிப்போர்ட், ஃபைல் நகல் எழுதிக் கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துல குடுக்கணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. மூணு வருஷம் வரைக்கும் வச்சிருக்கவும் வேணும், அதனால எட்டு மாசம் ஆச்சு இல்லைன்னு சொல்ல முடியாது. புகார் குடுக்கணும்னு தோணுச்சுன்னா மாவட்ட சுகாதார இணை இயக்குநர் (ஜேடி) ஆபீஸ் இருக்கு, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இருக்கு, 104க்கு ஃபோன் போட்டா எங்க எழுதணும்னு சொல்லுவாங்க. குடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம், ஒடம்பைப் பாக்கறதை மட்டும் அதுக்காகத் தள்ளிப்போடாதீங்க.

மாமியார் பொறுத்துக்கணும்னு சொன்னதுக்கு அவங்க மேல கோவப்படாதீங்க. அவங்க காலத்துல அவங்களும் இதே மாதிரி ஒரு டேபிள்ல படுத்திருப்பாங்க, யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்க, உங்களுக்கு எப்படி இருந்துச்சு அத்தைன்னு. என் ஓபில மருமகளுக்காக வந்த மாமியார் ஒருத்தங்க, மருமக வெளில போனதும் கதவைச் சாத்திட்டு, எனக்கும் 20 வருஷமா அடி எறங்குதும்மா, கர்ப்பப்பை கீழ வருதுன்னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க.

இந்த வாரமே பண்ண வேண்டியது ஒண்ணுதான். வேலை முடிஞ்சு வர்ற வழில ஒரு லேப்ல சிபிசின்னு (ரத்த அணுக்களை எண்ணிப் பாக்கற டெஸ்ட், ஹீமோகுளோபினும் அதுல வரும்) சொல்லி ரத்தம் குடுங்க, சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல. இரும்பு மாத்திரை குடுத்தாங்கன்னா கம்பெனி டீ பிரேக்ல டீயோட சேத்துப் போடாதீங்க, ஒடம்புல ஒட்டாது, முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் விடுங்க. மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க. ஹீமோகுளோபின் நம்பர் வந்ததும் எனக்கு எழுதுங்க, ஸ்கேன் எடுத்த தேதியும் அதுக்கு முந்தின பீரியட்ஸ் தேதியும் சேத்து. நம்பர் 7க்குக் கீழ இருந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ, நின்னா தலை சுத்தினாலோ எனக்கு எழுதிட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஜிஹெச்சுக்குப் போயிருங்க, ராத்திரின்னாலும் சரி.